இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே

மாதம் ஒருமுறை சோமனூரில் பஸ் ஏறி
கோயம்புத்தூர் போகிறேன்.
நரம்பு தேடுகிற பெண் ஒவ்வொரு தடவையும்
"மகுடீஸ்வரிதானே?" என்று
தெரிந்ததையே கேட்பாள்.
சாயங்காலம் போனில் ஒரு எண் வரும்.

இரண்டரைக்குக் கீழே போனால் ரத்தம் கட்டும்,
மூன்றரைக்கு மேலே போனால் நிற்காது.
"பாவு இழுவை மாதிரிங்" என்றேன்.
டாக்டர் சிரித்தார்.
தொய்ந்தால் சிக்கும், விறைத்தால் அறும்,
இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பாவு வெட்டுகிற பிளேடைக் கழுவி
மாத்திரையைப் பிளக்கிறேன்.
திங்கள், வியாழன் ஒன்றரை. மற்ற நாள் ஒன்று.
சிதறின பொடியை விரலில் ஒற்றி நாக்கில் வைப்பேன்,
கணக்குக் குறையக் கூடாது பாருங்கள்.
நாடா பெட்டி இடித்த தொடை
பத்து நாள் கத்திரிக்காய் நிறம்.
மாசத்தில் அந்த நாலு நாள் இப்போது எட்டு.
இதை நோட்டில் எழுதக் கட்டம் இல்லை.

நெஞ்சுக்குள் உலோகக் கதவு
மூடும்போதெல்லாம் டிக் என்கும்.
எட்டுத் தறி ஓடும் குடோனில்
எனக்கே கேட்காது.
ராத்திரியில் கேட்கும்.
ஆசுபத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள்
சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தில்
பேட்டரியைக் கழற்றிவிட்டார்.
"ரெண்டுல எது உன்னுதுன்னு
தெரியோணுமல்ல" என்றார்.
இன்னும் அது பத்தே காலில்தான் நிற்கிறது.

கூலி உயர்வு கேட்டு
போன ஆவணியில் தறிகள் நின்றன.
முதல் நாள் அமைதியில் காது வலித்தது.
தெருவில் எல்லோரும் மெதுவாகப் பேசப் பழகினார்கள்.
பகலிலும் நான் எனக்குக் கேட்டேன்,
தண்ணீர் பிடிக்கையில், வரிசையில் நிற்கையில்.
பக்கத்து வீட்டுப் பையன்
"அக்கா, உங்க வாட்ச் எங்கே?" என்றான்.

பன்னிரண்டாம் நாள் மளிகைக்கடை நோட்டு மூடியது.
வேலியோர முருங்கைக்கு யாரும் காசு கேட்பதில்லை.
காலையில் கீரை, ராத்திரி களியோடு கீரை,
நடுவில் மழைக்கு முளைத்த பண்ணைக்கீரை.
தெரியாமல் தின்னவில்லை.
"கீரை வேண்டாம்னு சொல்லல,
வாரா வாரம் ஒரே அளவு" என்று
படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.
ஒரே அளவு சாப்பிட
ஒரே அளவு காசு வர வேண்டுமே.

ஒன்று புள்ளி ஆறு.
எப்போதும் செய்தி அனுப்புகிறவர்கள்
அன்று கூப்பிட்டே பேசினார்கள்.
"மாத்திரையை விட்டுட்டீங்களா?"
"இல்லீங்."
"வேற மருந்து? நாட்டு மருந்து?"
"இல்லீங்."
"அப்புறம் எப்படிம்மா இறங்குச்சு?"
"ஸ்ட்ரைக்குங்க."

வயிற்றில் ஊசி, காலை ஒன்று, ராத்திரி ஒன்று.
சங்கத்துக்குக் கட்ட வைத்திருந்த காசு
ஊசியாகிப் போனது.
கண்ணை மூடிக்கொண்டு நூலை முடிகிற மனுசனுக்கு
என் தோலைக் கிள்ளிப் பிடிக்கக் கை நடுங்கியது.
"சொருகுங், வலிக்காது" என்று பொய் சொன்னேன்.
அந்த ஆறு நாளும் அவர் தூங்கவில்லை.
டிக் சத்தம் மங்குகிறதா என்று
காதை வைத்துப் படுத்திருந்தார்.
அந்தக் காதின் சூடு
ஆபரேஷன் தழும்பில் இன்னும் இருக்கிறது.

இருபத்தேழாம் நாள் பேச்சு முடிந்தது.
கேட்டதில் பாதிக்கும் கம்மி.
ஆனாலும் மோட்டார் போட்டதும்
குடோன் தரை பாதத்தில் அதிர்ந்தபோது
எனக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியாது.

அடுத்த புதன் மூன்றரை மணிக்குப் போன் மினுங்கியது.
இரண்டு புள்ளி ஏழு.
அந்தக் கோடியில் அவர்.
இந்த இரைச்சலில் கத்தி ஆகப்போவதில்லை.
இரண்டு விரலை நீட்டி
மூன்றாவதைக் கொஞ்சம் மடக்கிக் காட்டினேன்.
பார்த்தார். புரிந்ததுபோல் தலையாட்டினார்.
வேகமாகப் போய்
மூன்று தார் எடுத்துவந்து
என் கையில் கொடுத்தார்.